மாலை போட்ட மூன்றாம் நாள் வரும் நடுக்கம், வலிப்பு, பிதற்றல்: குடி நிறுத்துவது பற்றிய இழை (தருமபுரி – கிருஷ்ணகிரி)

பாலக்கோடு மருந்தாளுநர்

கார்த்திகை பிறக்கும் வாரத்தில் இந்தப் பக்கத்து மருந்துக்கடை எல்லாவற்றிலும் ஒரே பேச்சுதான். "சாமி மாலை போட்டிருக்காரு, நேத்துல இருந்து கை நடுங்குது, தூக்கமே இல்ல, ஒரு தூக்க மாத்திரையும் சத்து டானிக்கும் குடுங்க." கேட்க வருவது பெரும்பாலும் மனைவி, இல்லையென்றால் தங்கச்சி. தினமும் ஒரு குவார்ட்டருக்குக் குறையாமல் பத்து வருடம் குடித்த ஆள், விரதம் என்று ஒரே ராத்திரியில் நிறுத்துகிறார். வைராக்கியம் நல்லதுதான், ஆனால் உடம்புக்கு விரதம் தெரியாது.

தேர்தலுக்குக் கடை மூடும் நாட்களிலும் இதே கதைதான். வார்டில் வேலை செய்பவர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். எது தானாக அடங்கும், எது உயிருக்கு ஆபத்து? மாலை கழற்றிய பிறகு என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை.

வார்டு செவிலி, தருமபுரி

முதல்ல கணக்கு. "கொஞ்சம்தான் குடிப்பாரு"ன்னு வீட்ல சொல்றத வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாதுங்க. டாஸ்மாக்ல விக்கிற பிராந்தி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். 180 மி.லி. குவார்ட்டர்ல சுமார் 61 கிராம் ஆல்கஹால் இருக்கு. 10 கிராமை ஒரு அளவுன்னு வச்சா ஆறு அளவு. 650 மி.லி. ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம்னா, 41 கிராம். ரெண்டு பீர் குவார்ட்டரைத் தாண்டிடும். "பீர் மட்டும்தான்"ங்கறதுக்கு அர்த்தமே இல்ல. கர்நாடகாவுல இருந்து வர்ற 90 மி.லி. பாக்கெட் ஒவ்வொண்ணும் 30 கிராம்.

அடுத்த கேள்வி: டாஸ்மாக் திறக்கறது பகல் 12 மணிக்கு. அதுக்கு முன்னாடியே திருட்டுத்தனமா விக்கிற சந்துக்கடை தேடிப் போறாரா? ராத்திரி கொஞ்சம் மிச்சம் வச்சு காலைல பல் விளக்கறதுக்கு முன்னாடி ஊத்திக்கிறாரா? ஆமான்னா, அது ருசிக்கோ ஜாலிக்கோ குடிக்கறது இல்ல. நடுக்கத்த நிறுத்தறதுக்காகக் குடிக்கறது. அந்த ஆள் திடீர்னு நிறுத்தினா கட்டாயம் டாக்டர் பாக்கணும்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, சாராயம் மூளையோட வேகத்த அடக்கி வைக்குது. வருஷக்கணக்கா அடக்கினா, மூளை அதுக்கு ஈடா தன்னோட தூண்டுதல ஏத்தி வச்சுக்குது. ஒரே நாள்ல சாராயத்த எடுத்துட்டா, அடக்கறது போயிடுது, ஏத்தி வச்ச தூண்டுதல் மட்டும் நிக்குது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, வாந்தி, வலிப்பு எல்லாம் அதனாலதான். "நரம்புத் தளர்ச்சி"ன்னு சொல்லி டானிக் வாங்கறாங்களே, தளர்ச்சியே இல்ல அது. நேர் எதிர்.

கடைசியா குடிச்ச நேரத்துல இருந்து மணிக்கணக்கு வைங்க. 6 மணிக்கு மேல நடுக்கமும் வேர்வையும் குமட்டலும் ஆரம்பிக்கும். வலிப்பு வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள வந்துடும். ஒரு நாள் ஆகறதுக்குள்ளயே சிலருக்கு இல்லாத குரல் கேக்கும், ஆனா சுயநினைவு தெளிவா இருக்கும். மோசமானது 48 மணியில இருந்து 96 மணிக்குள்ள வர்றது. எங்க இருக்கோம், என்ன நாள்னு தெரியாது. சுவத்துல பூச்சி ஊருதும்பாரு, போர்வையப் பிச்சுப் பிச்சு எடுப்பாரு. லாரி ஓட்டறவரு ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி கைய ஆட்டுவாரு, கல் குவாரிக்காரரு உளி அடிக்கிற மாதிரி பண்ணுவாரு. காய்ச்சல் ஏறும், நாடி ஓடும். இதுதான் டெலிரியம் ட்ரெமன்ஸ். வைத்தியம் பாக்காம விட்டா உயிர் போற நோய்.

சரியா இந்த நேரத்துலதான் "காத்து கருப்பு பட்டுடுச்சு"ன்னு மந்திரிக்கத் தூக்கிட்டுப் போறாங்க. மாலை போட்ட மூணாம் நாள்ங்கறதால "சாமி குத்தம்"னும் சொல்லிடறாங்க. ஒரு நாள் முழுக்க அதுல போயிடும்.

ஊத்தங்கரை வாசகர்

அக்கா, வலிப்பு வந்தா வீட்ல என்ன பண்றது? இரும்புச் சாவிய கைல குடுக்கறாங்களே?

வார்டு செவிலி, தருமபுரி

சாவி வேண்டாம் தம்பி. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்குக் கீழ துணி மடிச்சு வைங்க, பக்கத்துல இருக்கற கல், கட்டில் கால் எல்லாம் நகர்த்துங்க. வாய்ல ஸ்பூன் விடக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. எத்தனை நிமிஷம்னு கடிகாரம் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா ரொம்ப ஆபத்து. தானா நின்னாலும் 108 கூப்பிடணும், ஏன்னா முதல் வலிப்புக்கு அடுத்த சில மணி நேரத்துல ரெண்டாவது வரலாம்.

இன்னொண்ணு. குடிச்சவருக்கு வர்ற வலிப்பு எல்லாம் குடி நிறுத்தினதால வந்ததுன்னு முடிவு கட்டக் கூடாது. வண்டியில இருந்து விழுந்து மண்டைக்குள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம். அதனாலதான் ஸ்கேனும் சர்க்கரையும் பாக்கறோம். போன மாசம் விழுந்தாரா, தலையில அடிபட்டதான்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

பாப்பிரெட்டிப்பட்டி ஆள்

எங்க ஊர்ல பக்கத்து டாக்டர் ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுவாரு. தெம்பு வந்துடும்பாங்க. அது சரியா?

பாலக்கோடு மருந்தாளுநர்

இதை விரிவாகவே எழுத வேண்டும். நாள்பட்டுக் குடிப்பவர் சோறு சரியாகத் தின்பதில்லை, தின்றதிலும் தயமின் என்கிற வைட்டமின் பி1 குடலில் சரியாக ஏறுவதில்லை. உடலில் இருப்பு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும். குளுக்கோஸை எரிக்க மூளைக்குத் தயமின் வேண்டும். வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் இருக்கிற கொஞ்ச நஞ்சமும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் பார்வை ஒரு பக்கம் நகராது அல்லது ஆடும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். வெர்னிக்கி நோய் என்பது இதுதான். மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்றில்லை, ஒன்று இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். "போதை தெளியல" என்று விட்டுவிட்டால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போகும். இன்று காலை நடந்தது நினைவிருக்காது, இல்லாததை நடந்ததாகச் சொல்வார்.

ஆகவே முதலில் தயமின் ஊசி, பிறகோ கூடவோ குளுக்கோஸ். சர்க்கரை இறங்கியிருந்தால் மட்டும் தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். வெர்னிக்கி சந்தேகம் இருந்தால் 200 முதல் 500 மி.கி. வரை ஒரு நாளைக்கு மூன்று வேளை நரம்பில் ஏற்றுவது வழக்கம். கடையில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இந்த வேலையைச் செய்யாது. அதில் தயமின் சில மில்லிகிராம்தான். ஊசி முடிந்த பிறகு 100 மி.கி. தயமின் மாத்திரை மாதக்கணக்கில் தொடரும்.

தூக்க மாத்திரை கேட்பவர்களுக்கும் சேர்த்து: குளோர்டயாசிபாக்சைடு, டயாசிபாம், அல்பிரசோலாம் எல்லாம் ஹெச்1 பட்டியல். சீட்டு இல்லாமல் தரக் கூடாது. சீட்டோடு தந்தாலும் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே ஒரு கட்டிங்கும் விட்டால் மூச்சு நின்றுவிடும்.

வார்டு செவிலி, தருமபுரி

வார்டுல அதே மருந்துகளத்தான் கொடுக்கறோம், ஆனா அளந்து. நடுக்கம், வேர்வை, குமட்டல், பதட்டம்னு பத்து விஷயத்துக்கு மதிப்பெண் போடற ஒரு அட்டவணை இருக்கு, மொத்தம் 67. எட்டுக்குக் கீழன்னா பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. இருபதை நெருங்கினா வார்டுலதான் படுக்கணும். முன்னாடி வலிப்பு வந்தவருக்கு மதிப்பெண் கம்மியா இருந்தாலும் மருந்து உண்டு.

முதல் நாள் அளவு அதிகம், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு அஞ்சுல இருந்து ஏழு நாள்ல நிறுத்திடுவாங்க. கல்லீரல் கெட்டிருந்தாலோ வயசானவரா இருந்தாலோ டயாசிபாம் உடம்புல தேங்கும், அதனால லோராசிபாம். மஞ்சக்காமாலை, வயித்துல நீர், கருப்பா மலம், ரத்த வாந்தி இருந்தா ஆரம்பத்துலயே சொல்லிடுங்க. கல்லீரல் கெட்டு வர்ற குழப்பமும் குடி நிறுத்தி வர்ற குழப்பமும் வெளிய பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். மருந்து வேற. முதல் வகைக்குத் தூக்க மருந்து கொடுத்தா கோமாவுக்குப் போவாரு.

வீட்ல இருந்தே நிறுத்தலாமான்னா, நிறைய பேருக்கு முடியும். முன்னாடி வலிப்போ பிதற்றலோ வந்திருக்கக் கூடாது. வேற பெரிய நோய் இருக்கக் கூடாது. குடிக்காத ஒருத்தர் ராத்திரியும் பகலும் கூட இருக்கணும், மாத்திரை அவர் கைலதான் இருக்கணும், தினமும் ஒரு தடவை ஆஸ்பத்திரில காட்டணும். ஊரு எங்க இருக்குங்கறதும் முக்கியம். தருமபுரி டவுன்காரருக்குச் சரின்னு சொல்றத சித்தேரி மலைக்காரருக்கோ அஞ்செட்டி பக்கத்துக் கிராமத்துக்காரருக்கோ சொல்ல மாட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு வலிப்பு வந்தா அங்க வண்டி ஏறி இறங்கறதுக்குள்ள என்ன ஆகும்?

ஊத்தங்கரை வாசகர்

அப்ப கொஞ்சம் கொஞ்சமா குறைச்சா போதாதா? ஒரு குவார்ட்டர் குடிக்கறவர் கட்டிங், அப்புறம் அதுல பாதின்னு.

ஓசூர் ஆற்றுப்படுத்துநர்

கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு குறைப்பது சார்புநிலை (குடி இல்லாமல் உடம்பு தாங்காத நிலை) முற்றியவர்களுக்குப் பெரும்பாலும் நடக்காது சார். முதல் கட்டிங் உள்ளே போனதும் கணக்கு போடுகிற புத்திதான் முதலில் போகும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: காலையில் நடுங்குகிற அளவு குடிப்பவர், மருத்துவரைப் பார்க்கும் வரை திடீரென்று நிறுத்தாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. "இன்னைக்கே நிறுத்து, இல்லன்னா வீட்டுக்கு வராதே" என்று ஒரு ராத்திரியில் கெடு வைப்பது ஆபத்து.

மாலை போடுகிறவருக்கு இதில் ஒரு எளிய வழி உண்டு. கார்த்திகை ஒன்றாம் தேதி எப்போது என்று எல்லோருக்கும் தெரியும். பத்து நாள் முன்பே மனநலப் பிரிவுக்குப் போய், மருந்தோடு நிறுத்தி, உடம்பு தெளிந்த பிறகு மாலை போடுங்கள். குருசாமிகள் இதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிடலாம். இருமுடி கட்டும் முன் சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறார்கள் அல்லவா, அதே மாதிரி இதையும் கேட்கலாம்.

பென்னாகரம் பெரியவர்

நீங்க எல்லாரும் மருந்து மருந்துங்கறீங்க. எங்க ஊர்ல கோயில்ல சத்தியம் பண்ணி கயிறு கட்டினதுல இருந்து தொடாதவங்க எத்தனையோ பேர். ஒரு மாத்திரை போடல.

ஓசூர் ஆற்றுப்படுத்துநர்

மறுக்கவில்லைங்க ஐயா. குடிக்கிற எல்லோரும் ஒரே கட்டத்தில் இல்லை. வாரம் இரண்டு நாள் குடித்து வீட்டில் சண்டை போடுகிறவருக்கும் காலை ஆறு மணிக்குக் கை நடுங்குகிறவருக்கும் வித்தியாசம் உண்டு. முதலாமவருக்குக் கயிறு போதும், பல நேரம் மனைவியின் ஒரு கண்ணீர் போதும். பத்துக் கேள்வி, 40 மதிப்பெண் கொண்ட ஆடிட் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் இருக்கிறது. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்தான குடி, 20 அல்லது அதற்கு மேல் வந்தால் சார்புநிலை இருக்க வாய்ப்பு அதிகம் என்று விரிவாகப் பார்ப்போம்.

கயிறும் மாலையும் செய்கிற வேலையை மருந்து செய்யாது என்பதும் உண்மை. மாலை போட்டவரை ஊரே "சாமி" என்கிறது. ஊற்றிக்கொடுக்க ஒருவனும் வருவதில்லை. விடியற்காலையில் குளியல், சாயங்காலம் பஜனை, சாப்பாடு நேரத்துக்கு. குடி கிடைக்காத, குடி நினைவு வராத ஒரு அட்டவணை தானாக அமைந்துவிடுகிறது. எந்த மறுவாழ்வு மையமும் இதைத்தான் செய்யப் பார்க்கிறது. சிக்கல் இரண்டு இடத்தில். முதல் ஐந்து நாள் உடம்பு. கடைசியில் மாலை கழற்றும் நாள். அன்றைக்கு "சாமி" பட்டமும் போகிறது, கூட்டமும் போகிறது, அட்டவணையும் போகிறது. கூட்டாளிகள் வாசலில் நிற்கிறார்கள். ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்ததில் உடம்பின் தாங்கும் சக்தியும் இறங்கியிருக்கும். பழைய அளவையே ஒரே மூச்சில் குடித்தால் விஷம் ஏறின மாதிரி ஆகும். மறுபடி வருடம் முழுக்கக் குடித்துவிட்டு அடுத்த கார்த்திகையில் திடீரென நிறுத்தும்போது வரும் நடுக்கம் போன வருடத்தை விடக் கடுமையாக இருக்கும். ஒவ்வொரு முறை விட்டுத் தொடங்கும்போதும் வலிப்புக்கான வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே அடுத்த கட்ட மருந்தை விரதம் முடிவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

பாலக்கோடு மருந்தாளுநர்

அந்த மருந்துகளைப் பற்றிக் கடையில் நிறையக் குழப்பம். சுருக்கமாக முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசையைக் குறைப்பவை ஒரு வகை. நால்ட்ரெக்சோன் 50 மி.கி. தினம் ஒன்று. குடித்தால் கிடைக்கும் அந்தக் கிளர்ச்சியை மழுங்கடிக்கும். ஒரு கட்டிங் நான்காக மாறுவதைத் தடுப்பதில் இதற்குப் பலன் அதிகம். டிரமடால் போன்ற வலி மாத்திரை சாப்பிடுபவருக்குக் கொடுக்கக் கூடாது. அந்த வலி மாத்திரை வேலை செய்யாது, அதற்குப் பழகிய உடம்பென்றால் கடும் அவஸ்தை உடனே தொடங்கும். அகாம்ப்ரோசேட் 333 மி.கி. இரண்டு மாத்திரை, மூன்று வேளை. கல்லீரல் கெட்டவருக்கும் பெரும்பாலும் சரி, ஆனால் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. குறை என்னவென்றால் நாளைக்கு ஆறு மாத்திரை. இரண்டாவது வாரத்தில் மதிய வேளையை விட்டுவிடுவார்கள், பிறகு "மருந்து கேக்கல" என்பார்கள். கல்லீரல் சுருக்கம் இருந்தால் பாக்லோஃபென் தருவார்கள். அதைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரும்.

அடுத்தது டைசல்ஃபிராம். "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்த" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பதில் என்ன பொடி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சிலர் இந்த மாத்திரையையே பொடித்துக் குழம்பில் போடுகிறார்கள். இது ஆசையைக் குறைக்கவே குறைக்காது. சாராயம் உடலில் உடையும் பாதையை நடுவில் அடைக்கிறது, அசிட்டால்டிஹைடு தேங்குகிறது. குடித்த பத்து முதல் முப்பது நிமிடத்தில் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதய நோய் இருப்பவருக்கு அதுவே கடைசியாகலாம். தெரிந்து சாப்பிடுபவர் பயந்து குடிக்க மாட்டார், மருந்தின் பலனே அந்தத் தெரிதலில்தான். தெரியாதவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டரை ஊற்றிக்கொள்வார்.

முறையாகக் கொடுத்தால் நல்ல மருந்து. அவர் சம்மதம் எழுத்தில் வேண்டும். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், மருத்துவர்கள் பெரும்பாலும் இன்னும் ஓரிரு நாள் கூடவே காத்திருப்பார்கள். 250 மி.கி. தினமும் ஒரே நேரத்தில், வீட்டில் ஒருவர் பார்க்க. தொடங்கும் முன்பும் இடையிலும் கல்லீரல் பரிசோதனை. நிறுத்திய பிறகும் 14 நாள் வரை குடித்தால் எதிர்வினை வரும்.

இதில் நம் ஊரில் தவறிப்போவது ஒன்று உண்டு. அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்துச் செய்பவை, ஆல்கஹால் இருக்கும். சில இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு மருந்து இவையும் அப்படித்தான். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோநிடசோல் வாங்கும்போதும் கடையில் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் மனக்குழப்பம் வரும்.

வார்டு செவிலி, தருமபுரி

ஆறு மாசம், ஒரு வருஷம்னு தொடரணும். வீட்டுக்குப் போனதும் "நல்லாயிட்டாரே, இனி எதுக்கு மாத்திரை"ன்னு நிறுத்திடறாங்க. நாங்க திரும்பிப் பாக்கறது பாதிப் பேர இதனாலதான்.

ஓசூர் ஆற்றுப்படுத்துநர்

மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். குடி ஆசை அலையாக ஏறி இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். அந்த அரை மணிக்கு என்ன செய்வது என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். வயிறு காயாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். பசி, கோபம், தனிமை, அசதி நான்கில் ஒன்று இருக்கும்போதுதான் சறுக்குவார்கள்.

நம் பக்கத்துக்கான ஆபத்து நாட்கள் வேறு. கட்டட வேலைக்குப் பெங்களூரு போகிறவருக்குச் சனிக்கிழமைக் கூலி. சிப்காட் கம்பெனிக்காரருக்கு நைட் ஷிஃப்ட் முடிகிற காலை. மாங்காய் சீசன் முடிந்து மண்டியில் கணக்குத் தீர்க்கும் நாள். அப்புறம் சாவு வீடு. கெடா விருந்தைத் தவிர்க்கலாம், சாவைத் தவிர்க்க முடியாது. போய் மாலை போட்டுவிட்டு, எடுப்பதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள், கூட ஒருவர் இருக்கட்டும் என்று முன்கூட்டியே பேசி வைக்கிறோம். கூலியை மனைவி கணக்குக்குப் போடச் சொல்லி மேஸ்திரியிடம் அவரே சொல்ல வேண்டும், மனைவி போய்க் கேட்டால் மானப் பிரச்சினையாகிவிடும்.

ஒரு நாள் சறுக்கினால் மறுநாளே வந்து சொல்லுங்கள். "எல்லாம் போச்சு" என்ற நினைப்பில்தான் ஒரு கட்டிங் ஒரு மாதக் குடியாகிறது.

பர்கூர் வாசகர்

சார், சரக்கு இல்ல, ரம்மி. அதுக்கு மாத்திரை இருக்கா? கம்பெனிப் பையன்கள் பாதிப் பேர் கடன்ல இருக்காங்க.

ஓசூர் ஆற்றுப்படுத்துநர்

நேரடியாக ரம்மிக்கென்று ஒரு மாத்திரை இல்லை. சிலருக்கு நால்ட்ரெக்சோன் கொடுத்துப் பார்ப்பதுண்டு, கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து. அடிப்படை வைத்தியம் பேச்சுவழிச் சிகிச்சையும் பணத்தின் மேல் கட்டுப்பாடும்தான். சூதாட்ட நோய் என்பது வெறும் திட்டு வார்த்தை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11 பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சூதாட்டக் கோளாறு, வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறு இரண்டும் அதில் போதைப் பழக்கங்களோடுதான் இருக்கின்றன.

குடிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம்: வாயில் வாசனை வராது. வீட்டுக்குத் தெரியும்போது நகை போயிருக்கும். எப்போது ஜெயிப்போம் என்று தெரியாத ஆட்டம்தான் மூளையை அதிகம் பிடிக்கிறது, நூலிழையில் தோற்பது ஜெயித்ததைப் போலவே உசுப்பும். விட்டதைப் பிடிக்க விளையாடத் தொடங்கியதுதான் எல்லை தாண்டிய இடம்.

வீட்டில் செய்ய வேண்டியது: கடன் முழுவதையும் ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். வங்கி, கடன் ஆப், நண்பன், மீட்டர் வட்டி, அடகு எல்லாம். முதல் தாளில் எப்போதும் பாதிதான் இருக்கும், ஒரு வாரம் கழித்துத் திட்டாமல் இரண்டாம் முறை கேளுங்கள். அப்பா நிலத்தை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய பிழை. கை காலியானதும் புதுக் கடன் ஆப் தயாராக இருக்கும். கடன் அவர் பெயரிலேயே இருக்கட்டும், சம்பளத்திலிருந்து தவணை போகட்டும். சம்பளக் கணக்கை வீட்டில் ஒருவர் பார்க்க, யு.பி.ஐ. உச்சவரம்பைக் குறைத்து, கிரெடிட் கார்டை ஒப்படைக்க வேண்டும். இதையும் அவர் சம்மதத்தோடுதான்.

சட்டம் பற்றி: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவருக்கும்தான், ஆடியவருக்கு இல்லை. ஜெயிலுக்குப் போக வேண்டிவருமோ என்று பயந்து சிகிச்சைக்கு வராமல் இருக்க வேண்டாம். கடன் ஆப்காரன் போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடன் வெளியே தெரிந்த முதல் சில நாட்கள்தான் தற்கொலை ஆபத்து அதிகம். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. அந்த நாட்களில் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். 14416 டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

காரிமங்கலம் ஆசிரியர்

பள்ளிப் பையன்கள் கூல் லிப் (உதட்டில் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) வைக்கிறார்கள். நிக்கோட்டின் சூயிங்கம் கொடுக்கலாமா?

பாலக்கோடு மருந்தாளுநர்

18 வயதுக்குக் கீழே மருத்துவர் சொல்லாமல் வேண்டாம் சார். பெரியவர்களுக்கு: எழுந்த அரை மணிக்குள் முதல் ஹான்ஸ் புகையிலை வைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. பபுள்கம் மாதிரி மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிச்சம். காரம் வரும் வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், மொத்தம் அரை மணி. டீ, காபி குடித்துக் கால் மணி நேரத்துக்கு வைக்காதீர்கள், நிக்கோட்டின் ஏறாது. வாயில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, மூன்று விரல் நுழையும் அளவு வாய் திறக்கவில்லை என்றாலோ கம்முக்கு முன் பல் மருத்துவர். புகையிலை விட 1800 11 2356.

ஊத்தங்கரை வாசகர்

கடைசியா ஒண்ணு. வீட்டுக்கே வண்டில வந்து தூக்கிட்டுப் போறோம், மூணு மாசம் பேக்கேஜ்னு சொல்ற தனியார் மையம் சரியா?

ஓசூர் ஆற்றுப்படுத்துநர்

அப்படிச் சொல்வதே போதும், வேண்டாம் என்று முடிவு செய்ய. 2017 மனநலச் சட்டப்படி போதை மீட்பு மையமும் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், முதல் வாரம் ராத்திரியில் செவிலியர் இருப்பாரா, வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் வெளியே வந்துவிடுங்கள். சங்கிலி போடுவது குற்றம். தானாகச் சேர்ந்தவர் போக வேண்டும் என்றால் விட வேண்டும், மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்தலாம். முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ளவரை உறவினர் மனுவில் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான், அதுவும் மருத்துவர்கள் பார்த்த பிறகு. போனில் பேச விடாத இடத்தில் சேர்க்காதீர்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியவருக்கு 15100, இலவசச் சட்ட உதவி.

வார்டு செவிலி, தருமபுரி

அதுக்கு முன்னாடி தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, இல்ல கிருஷ்ணகிரிக்காரங்க போலுப்பள்ளி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, ரெண்டுலயும் மனநலப் பிரிவு ஓ.பி.க்குப் போங்க. காலைல சீக்கிரம் வந்து சீட்டு போடுங்க. ஓசூர் பக்கம் சிக்கலான கேஸ்னா பெங்களூரு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரில போதைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. வரும்போது ஆதார், பழைய சீட்டு, இப்ப சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துட்டு வாங்க. கடைசியா எத்தனை மணிக்கு எவ்வளவு குடிச்சாருன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு வாங்க, நாங்க முதல்ல கேக்கறது அதத்தான். நடுக்கம் ஆரம்பிச்சிருந்தா ஓ.பி. வரிசையில நிக்காதீங்க, நேரா அவசரப் பிரிவு.